குழந்தையைத் தூண்டில் போட அழைத்துப் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு நான்கு வயதானபோது முதன்முறையாக அவளை மீன்பிடிக்க அழைத்துப் போனேன். மீன் நன்றாகக் கடிக்கும் நேரம் என்று இருட்டோடு எழுப்பினேன். எனக்கு இரண்டு கோல், அவளுக்கு ஒன்று. பேசாதே, ஓடாதே, தண்ணீரில் கல் போடாதே என்று மூன்று மணி நேரம் உட்காரவைத்தேன். நான் எட்டு மீன் பிடித்தேன். அவள் அழுதுகொண்டே வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு பல மாதங்கள் தூண்டில் என்ற பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அடுத்த முறை என் கோல்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவளுடைய சிறு கோல் மட்டும். ஒரு மணி நேரம்தான் இருந்தோம். விரல் நீள மீன் ஒன்று கிடைத்தது. அதைத் தண்ணீரில் விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “மறுபடி எப்போது போகலாம்?”

இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையே என்னென்ன மாறின என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதியது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அந்த நேரம் முழுவதும் குழந்தைக்கு உரியது. உங்களுக்கு மீன்பிடிக்கும் ஆசை இருந்தால் இன்னொரு நாள் தனியாகப் போய்வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும்.

முதல் படி: வீட்டிலேயே தொடங்குங்கள்

கரைக்குப் போன பிறகு கோலைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது தாமதம். ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடலாம். தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, நரம்பின் (கோலிலிருந்து தொங்கும் நைலான் இழையின்) நுனியில் ஒரு ரப்பர் துண்டைக் கட்டுங்கள். நான்கு அடி தள்ளி ஒரு பக்கெட்டை வையுங்கள். ரப்பர் துண்டு பக்கெட்டுக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. கோலை வீசுவதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தையும் இந்த விளையாட்டிலேயே கொண்டுவந்துவிடுங்கள். “பின்னால் யார்?” என்று நீங்கள் கேட்க வேண்டும், “யாரும் இல்லை!” என்று குழந்தை சொல்ல வேண்டும், அதன் பிறகே வீச்சு. முள் இல்லாதபோது விளையாட்டாகப் படிந்த இந்தப் பழக்கம், முள் இருக்கும்போது உங்கள் கண்ணைக் காப்பாற்றும்.

நீரில் மிதந்து மீன் கடிப்பதைக் காட்டும் தக்கைக்குக் குழந்தையே வண்ணம் தீட்டட்டும். மேல் பாதி பளிச்சென்ற சிவப்போ ஆரஞ்சோ இருந்தால் தண்ணீரில் நன்றாகத் தெரியும். வண்ணம் காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியிலிருந்து நரம்பை நீங்கள் மெல்ல இழுத்துக் காட்டுங்கள். இலேசாகத் தட்டினால் தக்கை எப்படித் துள்ளுகிறது, விடாமல் இழுத்தால் எப்படி முங்குகிறது என்று குழந்தை அங்கேயே பார்த்துவிடும். தான் தீட்டிய தக்கை என்பதால் கரையில் அதை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வராது.

முந்தின நாள் மாலை மண்புழு தோண்டுவதற்கென்றே நேரம் ஒதுக்குங்கள். என் அனுபவத்தில், பல குழந்தைகளுக்கு மீனைவிட மண்புழுதான் பெரிய விஷயம். ஈரமும் நிழலும் உள்ள மண், மட்கிய இலைக் குவியல், நகர்த்தாமல் கிடக்கும் பூந்தொட்டியின் அடி ஆகிய இடங்களில் தேடுங்கள். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது, அதனால் தோல் உலர்ந்தால் செத்துவிடும் என்று சொல்லிக் கொடுங்கள். அதன் பிறகு, டப்பாவில் ஈரமண் போட்டு, மூடியில் துளையிட்டு நிழலில் வைக்கும் பொறுப்பைக் குழந்தையே எடுத்துக்கொள்ளும். பெரிய புழு ஒன்று கிடைத்தால் உலர்ந்த காகிதத்தின் மேல் சிறிது நேரம் ஊரவிட்டு, காதை அருகில் கொண்டுபோகச் சொல்லுங்கள். கரகரவென்று மெல்லிய ஒலி கேட்கும். புழுவின் உடலில் கண்ணுக்கு எளிதில் தெரியாத குறுமயிர்கள் காகிதத்தைப் பிறாண்டும் ஒலி அது. அந்த ஒலியை முதன்முதலில் கேட்ட மகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாயை மூட மறந்துபோனாள்.

இரண்டாம் படி: இடமும் நேரமும்

பெரிய மீன் உள்ள இடத்தைத் தேட வேண்டாம். சிறிய மீன்கள் நிறைய உள்ள இடத்தைத் தேடுங்கள். ஒரு கிலோ மீனுக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பது பெரியவர்களின் இன்பம். குழந்தைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தக்கை ஆடினால் போதும், மீன் உள்ளங்கை அளவு இருந்தாலும் அது திமிங்கிலம்தான். கரை சமதளமாக இருக்க வேண்டும். சரிவும் வழுக்கும் பாசியும் வேண்டாம். ஓரத்தில் ஆழம் குறைவாகவும், நீரோட்டம் இல்லாமலும், பக்கத்தில் மரநிழலும் கழிப்பறையும் இருந்தால் அதுவே சிறந்த இடம். முதல் சில பயணங்களுக்குப் படகு வேண்டாம். சலித்துப்போன குழந்தைக்குப் படகிலிருந்து இறங்கிப் போக வழியில்லை. அந்த நீர்நிலையில் மீன்பிடிக்க அனுமதி உண்டா, எந்த அளவுக்குக் குறைவான மீனைத் திருப்பி விட வேண்டும் என்பதையெல்லாம் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அதிகாலையும் அந்திப்பொழுதும் மீன் சுறுசுறுப்பாக இரை தேடும் நேரங்கள் என்பது உண்மை. ஆனால் தூக்கம் கலைந்த குழந்தைக்கு எந்த மீனும் ஈடாகாது. குழந்தை வழக்கம்போல் எழுந்து, சாப்பிட்டு, தெளிவாக இருக்கும் நேரத்துக்கு ஏற்பப் போங்கள். வெயில் ஏறியபின் மீன்கள் நிழலுக்கும் ஆழத்துக்கும் ஒதுங்கும் என்பதால், மரநிழல் விழும் தண்ணீரில் தூண்டில் போட்டால் சிறு மீன்கள் பகலிலும் கடிக்கும்.

எவ்வளவு நேரம்? மூன்று, நான்கு வயதுக்கு ஒரு மணி நேரம் தாராளம். ஆறு, ஏழு வயதுக்கு இரண்டு மணி நேரம் வரை போகலாம். குழந்தை “இன்னும் கொஞ்ச நேரம்” என்று கெஞ்சும்போதே கிளம்பிவிடுவது நல்லது. அந்தக் கெஞ்சல்தான் அடுத்த பயணத்துக்கான விதை.

மூன்றாம் படி: கருவிகள்

ஆறு வயதுக்குக் கீழே ரீல் வேண்டாம். ரீல் இருந்தால் குழந்தை மீனை மறந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், நரம்பு சிக்காகும், நீங்கள் சிக்கெடுத்தே நேரத்தைக் கழிப்பீர்கள். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள, எடை குறைந்த ஒரு கோல் போதும். மூங்கிலானாலும் சரி, உள்ளுக்குள் மடங்கும் கோலானாலும் சரி. கோலின் நீளத்துக்கே நரம்பு. இரண்டு, மூன்று கிலோ இழுவை தாங்கும் நைலான் நரம்பு போதும்.

முள்ளை வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 10 அல்லது 12 எண் முள் சிறு மீன்களுக்குச் சரியாக இருக்கும். முள்ளின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி நசுக்கிவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிர்முள் இல்லாவிட்டால் மீனின் வாயிலிருந்தும் எளிதாகக் கழன்றுவரும், யார் விரலிலாவது குத்தினாலும் எளிதாகக் கழன்றுவரும். சில மீன்கள் தப்பித்துப் போகும், போகட்டும்.

எடைக்கு ஈயக் குண்டைத் தவிர்த்து வெள்ளீயத்திலோ எஃகிலோ கிடைப்பதை வாங்குங்கள். ஈயம் நச்சு, குழந்தையின் கை நேராக வாய்க்குப் போகும். குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் பழக்கம் பெரியவர்கள் பலரிடம் உண்டு. குழந்தை பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்பதால் குறட்டாலேயே இறுக்குங்கள்.

இரைக்கு மண்புழுவோடு, ரொட்டியைப் பிசைந்த உருண்டையும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். புழுவை முள்ளில் குத்துவதைப் பார்க்கச் சில குழந்தைகளுக்கு மனம் தாங்காது. அது நல்ல குணம், “இதற்கெல்லாம் அழலாமா?” என்று அடக்க வேண்டாம். அந்தக் குழந்தைக்கு ரொட்டி உருண்டை.

இவை தவிர ஒரு சிறு கைவலை, வெளிர்நிற பக்கெட், பூதக்கண்ணாடி, கத்தரிக்கோல், முதலுதவிப் பெட்டி, மாற்றுடை, துண்டு. தீனியும் குடிநீரும் நீங்கள் நினைப்பதைப்போல் இரண்டு மடங்கு.

நான்காம் படி: பாதுகாப்பு

இந்தப் பகுதியில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கரையில் நின்றாலும், குழந்தைக்கு உடல் எடைக்குப் பொருத்தமான லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். போட்டபின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. ஊதி நிரப்பும் கைப்பட்டைகளும் வளையங்களும் விளையாட்டுப் பொருள்கள், இவற்றை நம்பக் கூடாது. நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும், கையை ஆட்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே இருக்காது. எனவே ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு குழந்தைகள் என்றால் பெரியவர்களும் இருவர். ஒருவர் சிக்கெடுக்கும்போதும் முள் கட்டும்போதும் மற்றவரின் கண் தண்ணீர்ப் பக்கம். கைப்பேசி பைக்குள்.

முள் குத்தாமலிருக்கத் தொப்பியும், முடிந்தால் கண்ணாடியும், முன்பக்கம் மூடிய காலணியும் போதும். மீறி மேலாகக் குத்திவிட்டால், எதிர்முள் இல்லாததால் எளிதாகக் கழன்றுவரும். வந்த வழியே மெல்ல எடுத்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். ஆழமாக இறங்கியிருந்தாலோ, கண்ணருகே இருந்தாலோ தொடவே வேண்டாம். நரம்பைக் கத்தரித்துவிட்டு, முள் அசையாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எதுவானாலும் டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் உள்ளதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இடி முழக்கம் காதில் விழுந்தால் உடனே கிளம்பிக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடங்கள் கழியும்வரை கரைக்குத் திரும்பக் கூடாது. கார்பன் இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் கோலைத் தூக்கவே கூடாது.

ஐந்தாம் படி: கரையில் முதல் பத்து நிமிடங்கள்

போனதும் தூண்டிலைப் பிரிக்காதீர்கள். முதலில் தண்ணீரைப் பார்க்கட்டும். ரொட்டித் துகள் கொஞ்சம் குழந்தையின் கையில் கொடுத்துத் தூவச் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் மேற்பரப்பில் சின்னச் சின்ன வட்டங்கள் எழும். “யார் சாப்பிடுகிறார்கள்?” என்று கேளுங்கள். மீன்களும் அந்த இடத்துக்கு வந்து சேரும், குழந்தையின் ஆர்வமும் வந்து சேரும்.

பிறகு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். இரைக்காரர், தக்கைக் காவலர், வலைக்காரர், மீனுக்குப் பெயர் வைப்பவர். மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏதாவது ஒரு பதவி இருக்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் ஒரே கோலுக்குச் சண்டையிட்டால், ஒவ்வொரு முறை தூண்டில் போட்டதும் பதவியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: தக்கையைப் படித்தல்

“பேசாதே, மீன் ஓடிவிடும்” என்பதை நாம் எல்லோரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். பேச்சொலியில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. தண்ணீருக்குள் போவது மிகக் குறைவு. ஆனால் கரையில் தொம்மென்று குதித்தால் அந்த அதிர்வு மண் வழியாக நீருக்குள் இறங்கும். தண்ணீருக்குள் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில், அதாவது காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாயும். போதாததற்கு, மீனின் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்உறுப்பு நீரின் சிறு அசைவையும் அறிந்துகொள்ளும். ஆகவே குழந்தை பேசலாம், பாடலாம், சிரிக்கலாம். நடப்பதை மட்டும் பூனைபோல் நடக்கட்டும். “வாயை மூடு” என்பதைவிடப் “பூனை நடை” எவ்வளவு இனிமையான கட்டளை!

தக்கை தண்ணீரில் நிற்கும்போது குழந்தையின் அருகில் அதே உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். தக்கை அடுத்தடுத்து இரண்டு முறை துடிக்கும். உடனே இழுக்கத் தோன்றும், பொறுக்கச் சொல்லுங்கள். அது மீன் இரையை மோந்து, நுனியைக் கொறித்துப் பார்க்கும் நேரம். தக்கையைச் சுற்றி மெல்லிய வளையங்கள் விரியும். பிறகு சிறிது நேரம் ஒன்றும் இருக்காது. திடீரென்று தக்கை ஒருக்களித்துச் சாய்ந்து, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். சிவப்பு முனை சிறுத்துச் சிறுத்து நீருக்குள் முங்கும். அப்போது, “இப்போது!” மணிக்கட்டால் ஒரு சுண்டு, அவ்வளவுதான்; முழுப் பலத்தோடு இழுத்தால் மீன் தலைக்கு மேல் பறந்து பின்னால் இருக்கும் மரத்தில் தொங்கும்.

கோல் குழந்தையின் கையிலேயே இருக்கட்டும். மீன் தப்பிவிடுமே என்ற பதற்றத்தில் நீங்கள் பாய்ந்து பிடுங்கினால், கிடைத்த மீன் உங்களுடையதாகிவிடும். தப்பினாலும் அது குழந்தையின் கையிலிருந்து தப்பிய மீன். அந்தக் கதையை வீட்டில் பத்துப் பேரிடம் சொல்லும். பத்து நிமிடம் ஒரு கடியும் இல்லாவிட்டால் இரையை மாற்றுங்கள், தக்கையை ஒரு சாண் ஏற்றி இறக்கி ஆழத்தை மாற்றுங்கள், அல்லது சில அடி நகருங்கள். மீனுக்காக இல்லாவிட்டாலும், ஏதோ நடக்கிறது என்ற உணர்வு குழந்தைக்குத் தேவை.

ஏழாம் படி: மீன் வந்ததும்

இருவரும் கையை முதலில் தண்ணீரில் நனையுங்கள். மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பு அதன் கவசம். உலர்ந்த கை அதைத் துடைத்தெடுத்துவிடும், அதன்பின் நோய் எளிதில் பற்றும். முள்ளை நீங்களே கழற்றுங்கள். கெளுத்தி போன்ற மீசை மீன்களின் முதுகிலும் பக்கத்துடுப்புகளிலும் குத்தும் முட்கள் உண்டு. அவற்றைக் குழந்தையின் கையில் தரவே வேண்டாம்.

பிறகு நிழலில் வைத்த பக்கெட் நீரில் மீனை விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஆசைதீரப் பார்க்கட்டும். இந்த இரண்டு நிமிடங்களுக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். செவுள் மூடி திறந்து மூடுவதை எண்ணச் சொல்லுங்கள். மீனுக்கு இமை எங்கே என்று தேடச் சொல்லுங்கள், கிடைக்காது. முதுகு ஏன் கருமை, வயிறு ஏன் வெண்மை என்று கேளுங்கள். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அந்தக் கருமுதுகு இருண்ட நீரோடு கலந்துவிடும். கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு அந்த வெண்வயிறு வானத்தின் வெளிச்சத்தோடு கலந்துவிடும். செதில் ஒன்று உதிர்ந்து கிடந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மரத்தின் குறுக்குவெட்டில் இருப்பதுபோல் அதில் வளர்ச்சி வளையங்கள் தெரியும்.

திருப்பி விடுவதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். தண்ணீருக்கு வெளியே மீன் இருக்கும்போது குழந்தையை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். “உனக்கு மூச்சு முட்டுகிறதா? மீனுக்கும் அப்படித்தான்.” புகைப்படம் எடுப்பதானாலும் அந்த ஒரு மூச்சுக்குள். மீனைத் தூக்கி எறியாமல், நீருக்குள் கையை வைத்து, அதுவாக நீந்திப் போகும்வரை தாங்கிப் பிடிக்கட்டும். வாலின் அந்தக் கடைசித் துடிப்பு உள்ளங்கையில் தங்கிவிடும்.

சாப்பிட எடுத்துப் போவதாக இருந்தால் அதைப் புறப்படும் முன்பே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். பெயர் வைத்துக் கொஞ்சிய மீனைத் திடீரென்று கொல்வது துரோகமாகத் தோன்றும். மீன் இறந்துபோனால் “தூங்குகிறது” என்று பொய் சொல்ல வேண்டாம். இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். கேள்விகள் வரும், எளிமையாகப் பதில் சொல்லுங்கள். என் மகள் ஒருமுறை, “அதற்கு அம்மா இருக்கிறாளா?” என்று கேட்டாள். பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், குஞ்சுகள் தாமாகவே வளரும் என்று சொன்னேன். அவள் நெடுநேரம் யோசித்தாள். நான் குறுக்கே பேசவில்லை.

எட்டாம் படி: மீனே கடிக்காத நாள்

இப்படி ஒரு நாள் கட்டாயம் வரும். தூண்டிலைச் சுருட்டிவைத்துவிட்டுக் கைவலையை எடுங்கள். ஓரத்துச் செடிகளின் அடியில் ஒருமுறை அரித்து, வெளிர்நிற பக்கெட்டில் கவிழ்த்தால் ஒரு தனி உலகமே நெளியும்: நத்தை, சிறு இறால், தலைப்பிரட்டை, தும்பியின் இளம்புழு. வானில் பறக்கும் தும்பி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படி நீருக்கடியில்தான் கழிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். நீரின்மேல் நடக்கும் பூச்சியின் கால்கள் நீர்ப்பரப்பில் குழிகள் போடுவதைக் காட்டுங்கள். கொக்கோ மீன்கொத்தியோ கண்ணில் பட்டால், அது எத்தனை முறை குத்துகிறது, எத்தனை முறை மீனோடு எழுகிறது என்று கணக்கு வைக்கட்டும். அதற்கும் பல முறை வெறும் வாய்தான் என்று தெரிந்தால் குழந்தையின் மனம் ஆறிவிடும்.

சேற்றில் விளையாட வேண்டும் என்றால் விளையாடட்டும். மாற்றுடை எடுத்துவந்தது அதற்குத்தான். தூண்டிலை மறந்து ஒரு மணி நேரம் கூழாங்கல் பொறுக்கினாலும் அதுவும் மீன்பிடிப் பயணம்தான். “இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது.

அழுகை தொடங்கினால் முதலில் பசியா, வெயிலா, தூக்கமா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். தீர்க்க முடியாவிட்டால் அந்த நிமிடமே கிளம்புங்கள், வந்து பதினைந்தே நிமிடம் ஆகியிருந்தாலும்.

ஒன்பதாம் படி: கிளம்பும்போது

நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது. நைலான் மட்கிப்போகப் பல்லாண்டுகள் ஆகும். அதற்குள் பறவைகளின் காலிலும் அலகிலும் சுற்றிக்கொள்ளும். இதைக் குழந்தையிடம் சொன்னால் நீங்கள் தேட வேண்டியதே இல்லை, மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து எடுத்துவரும். வீட்டில் அவற்றைச் சிறு துண்டுகளாகக் கத்தரித்த பிறகே குப்பையில் போடுங்கள். மிச்சமுள்ள மண்புழுக்களைத் தோண்டிய இடத்திலேயே திருப்பி விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தீனி.

அன்று மாலை ஒரு நோட்டைக் கொடுங்கள். தேதி, வானிலை, கண்ட உயிர்கள், பிடித்த மீனின் அளவு. எழுதத் தெரியாவிட்டால் படம். எங்கள் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் மீன் இல்லை. நீளமான பழுப்புக் கோடு ஒன்று, அதன் கீழே ஒரு சதுரம், பக்கத்தில் ஒரு பெரிய காது.